நேர்ந்துவிட்ட முடி

ஆவி, பேய், காத்துக்கருப்பு என்று யாராவது பேச்செடுத்தால் வெற்றிலை துப்புகிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாடகக் கம்பெனியில் இருந்தவன், எத்தனையோ பேய்களுக்கு நானே வெள்ளை பூசிவிட்டிருக்கிறேன், கொஞ்சம் சாம்பிராணிப் புகை போட்டால் ஜனம் எப்படி வாயைப் பிளக்கும் என்று எனக்குத் தெரியாதா. அதனால் இதை நம்பச் சொல்லி உங்களை வற்புறுத்தப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். சாப்பிடப் போகிறவராக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், ஏனென்றால் இதில் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம்.

நான் ஸ்திரீ பார்ட் பாடகன். சேலை கட்டி, பெண் குரலில் பாடி ஆடுவது என் பிழைப்பு. பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் போகிற கப்பலில் பயணிகளுக்குச் சாயங்காலம் பாட என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன், கப்பலுக்குப் பதிலாக ஜப்பான்காரனின் விமானம் வந்தது. அப்புறம் ஈப்போவில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று, வாயு பிடித்து, பாட்டென்றால் என்னவென்றே மறந்து கிடந்தபோதுதான் கேமரன் மலையிலிருந்து ஒரு கிராணி ஆள் அனுப்பினார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் ஜப்பான் ஆபீசர்கள் குளிருக்காக வந்து தங்குகிறார்கள், அவர்களுக்குச் சாயங்காலம் ஆட்டமும் பாட்டும் வேண்டும், தோட்டக்கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பெண்களையெல்லாம் ஜனங்கள் அவர்கள் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள், ஆகவே சேலை கட்டத் தெரிந்த ஆம்பிளை வேண்டும். கடல் கொடுக்காத வேலையை மலை கொடுக்கிறது என்று மலையடிவாரத்துத் தாப்பாவில் லாரி ஏறிவிட்டேன்.

ரிங்லெட் தாண்டித் தோட்டம். தேயிலையை யாரும் கவ்வாத்துப் பண்ணாமல் விட்டதில் செடியெல்லாம் மரமாகி நின்றது. வந்து இறங்கியவனிடம் கிராணி நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஆபீசருங்க சிரிச்சா ஒனக்கு அரிசிச் சோறு. மூஞ்சிய சுளிச்சா வெள்ளிக்கெழம கீழ போற லாரியில ஒன்னையும் ஏத்திருவேன். சயாமுக்குத்தான் போவுது. வெளங்குதாலா?"

நன்றாகவே விளங்கியது. சயாமில் ரயில் பாதை போட அந்தத் தோட்டத்திலிருந்து மட்டும் எத்தனையோ ஆம்பிளைகளை ஏற்றிப் போயிருந்தார்கள், ஒருத்தன்கூடத் திரும்பி வந்திருக்கவில்லை.

விளக்கெரிக்கத் தடை இருந்ததால் ஆட்டம் வெளிச்சம் இருக்கும்போதே நடக்கவேண்டும். சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் என்னை விட்டார்கள். ரவிக்கை கொடுத்தார்கள், அக்குளில் யாருடைய வேர்வையோ உப்புப் பூத்து அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளையைக் குழைக்கத் தேங்காயெண்ணெய் இல்லை என்று சமையல்காரன் பன்றிக்கொழுப்பை உருக்கிக் கொண்டுவந்தான். அதில் ஒரு ஈ மிதந்தது. ஈயை எடுத்துப் போட்டுவிட்டு முகத்தில் பூசினேன், சயாமை நினைத்தால் எதைத்தான் பூசமாட்டோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைசியில் டோப்பாவைக் கொண்டுவந்து மடியில் போட்டார் கிராணி. நாடகத்துக்கு வைக்கிற பொய்முடி எனக்குப் புதிதில்லை, ஆனால் இது சணலும் இல்லை, குதிரைவாலும் இல்லை, மனுஷ முடி. இடுப்புவரை வரும். மஞ்சளும் பழைய எண்ணெயும் கலந்து ஒரு வாடை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், வேர்ப்பக்கம் பூரா ஈர் ஒட்டியிருந்தது, வரிசை வரிசையாக, சில உடையாமல்கூட இருந்தன.

"இது எங்கேருந்து கெடச்சுச்சு, கிராணி ஐயா?"

"ஒனக்கெதுக்கு? எடுத்து மாட்டு."

என் சொந்தத் தலையை அப்போது ஒட்ட வெட்டியிருந்தேன். ஒரு துணியை இறுக்கிக் கட்டி அதன்மேல் அந்தச் சனியனை வைத்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

துரையின் சோபாக்களில் ஆபீசர்கள் உட்கார்ந்து முட்டைக்கோசு சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வேகவைத்த கோசு நாற்றம், ஈர பூட்ஸ் நாற்றம், என் முகத்துப் பன்றிக்கொழுப்பு எல்லாம் சேர்ந்து கூடம் பூரா அடித்தது. தமிழ் இவன்களுக்கு எங்கே புரியப்போகிறது என்ற எரிச்சலில், நல்ல குழைவான ராகத்தில், அப்போதே வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாடினேன். முட்டைக்கோசு தின்ற ராசா, உன் மூச்சுக் காத்து தூர வீசா என்று. கிராணிக்கு வேர்த்துவிட்டது. ஆபீசர்கள் ஒருத்தனும் சிரிக்கவில்லை, பெரிய ஆபீசர் கொட்டாவி விட்டான். கிராணி என்னைப் பார்த்து விரலால் கீழே, தாப்பா ரோட்டுப் பக்கம் காட்டினார்.

அப்போதுதான் அது வந்தது.

வலது பக்கம், காதுக்கு மேலே, யாரோ டோப்பா முடியைப் பிரித்தார்கள். பின்னால் யாரும் இல்லை, சுவர்தான். முதலில் பேன் ஊர்கிறது என்று நினைத்தேன். பேன் இல்லை, விரல். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, விரல் நுனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொதிக்கிற சூடு. ஒரு கற்றையை ஒதுக்கி, நிதானமாகத் தேடி, ஒன்றை நகத்தில் பிடித்து நசுக்கியது. டக்கென்று சத்தம் என் காதிலேயே கேட்டது. துணிக்கு மேலே இருந்த விரல் எப்போது துணிக்கு அடியில் வந்தது என்று தெரியவில்லை, என் மண்டைத் தோலிலேயே நகம் ஓடியது. ஏதோ பிசுபிசுவென்று வேறு, சீழ் நாற்றத்தோடு. அதற்குள் இடது பக்கமும் இன்னொரு கை. அது ஐஸ்.

எனக்கு உடம்பு முறுக்கிக்கொண்டது. தோளை உலுக்கினேன், குதித்தேன், சொறிந்தேன், இடுப்பை வளைத்தேன், வாயில் மட்டும் கோசுப்பாட்டு நிற்கவில்லை, நிறுத்தினால் செத்தோம். திடீரென்று பெரிய ஆபீசர் தொடையில் அறைந்து சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தனுக்குச் சூப்பு மூக்கு வழியாக வந்தது. என் அருவருப்பு அவன்களுக்கு ஆட்டமாகிவிட்டது. டக், டக் என்று நசுக்கிக்கொண்டே இருந்தது அந்தக் கை, நான் குதித்துக்கொண்டே இருந்தேன், பாட்டு முடிந்த பிறகுதான் விட்டது.

அறைக்கு ஓடிவந்து டோப்பாவைப் பிடுங்கி எறிந்தேன், ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். திரும்பினால் வாசலில் ஒரு பெண். சமையல்கட்டில் காய் நறுக்குகிறவள், பாக்கியம் என்று பெயர். தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினாள், மொட்டைத்தலையில் அரை விரல்கூட முடி வளரவில்லை.

"அண்ணே, அது என் முடி. நுனியெல்லாம் செம்பட்டையா இருக்கு பாருங்க, எனக்குத் தெரியாதா."

அவள் புருஷன் முனியனை சயாமுக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். உயிரோடு திரும்பவேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு முடியை நேர்ந்து இறக்கியிருக்கிறாள். இறக்கிய முடியை பெர்த்தாம் ஆற்றில் விடவேண்டும், அதுதான் எங்கள் ஜனங்களின் முறை. கோயில் பொறுப்பு கிராணியிடம். நானே விட்டுவிடுகிறேன் என்று வாங்கிப்போன மனுஷன், ஆற்றில் விடாமல் ஆபீசர்களுக்கு டோப்பா தைத்துவிட்டார். அம்மனுக்குக் கொடுத்ததை எடுக்க யாருக்கய்யா கை வரும்.

"ஒன் புருஷன் ஒனக்குப் பேன் பாப்பாரா?" என்று கேட்டேன். கேட்கவேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை, வாய் கேட்டுவிட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லயத்து வாசலில் அவளை உட்காரவைத்து முனியன்தான் பேன் பார்ப்பானாம், பொம்பளை வேலை பார்க்கிறான் என்று லயமே கேலி செய்யுமாம். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"கை சூடா இருந்துச்சா அண்ணே, ஜில்லுன்னு இருந்துச்சா?"

அவள் எதற்குக் கேட்கிறாள் என்று புரிந்துவிட்டது. சூடென்றால் பொட்டு நிற்கும், ஜில்லென்றால் அழிக்கவேண்டும்.

"ரெண்டும்தான், தங்கச்சி. வலது கை சூடு. இடது கை ஐஸு."

அவள் நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள், வைத்தாள், எடுத்தாள். பொட்டை அழிக்கவில்லை. "முடிய குடுத்துருங்க அண்ணே" என்றாள். டோப்பா இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கு ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாவிட்டால் லாரி. ஆனாலும் அதை இன்னொரு முறை தலையில் வைப்பதைவிட லாரியே தேவலை என்றிருந்தது. வெளிச்சம் போவதற்குள் இரண்டு பேரும் ஆற்றுக்கு இறங்கினோம். தையலைப் பிரித்து அவளே விட்டாள். தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

கிராணி குதித்தார், வெள்ளிக்கிழமை லாரிக்கு என் பெயரைச் சொல்லியும் விட்டார். பெரிய ஆபீசர்தான் விடவில்லை, அந்தச் சொறிகிறவன் வேண்டும் என்று கையால் சொறிந்து காட்டிக் கேட்டானாம். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஜப்பான்காரன் தோற்கிறவரை நான் அந்த ஆட்டத்தை ஆடினேன். எல்லாம் நடிப்பு. அந்தக் கை அப்புறம் வரவே இல்லை.

சண்டை முடிந்து முனியன் திரும்பி வந்தான். எலும்புக்கூடு, ஆனால் உயிரோடு. பாக்கியம் என்னைக் கூப்பிட்டு சோறு போட்டாள், முடி தோள்வரை வளர்ந்திருந்தது. நான் பாட்டுக்காரன் என்று அவள் சொன்னதும் முனியன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"முட்டைக்கோசுன்னு ஒரு பாட்டு இருக்கா?" என்றான்.

சயாமில் காய்ச்சலில் கிடந்தானாம். பாக்கியத்தை உட்காரவைத்துப் பேன் பார்க்கிற மாதிரியே இருந்ததாம், ஆனால் அந்தத் தலை ஆம்பிளையும் பொம்பளையும் கலந்த குரலில் கோசு, கோசு என்று பாடிக்கொண்டே ஆடியதாம், பன்றி நாற்றம் அடித்ததாம். "ச்சே, ஒங்க தலையா அது" என்று காறித் துப்பிவிட்டுக் கையைக் கழுவப் போனான். எனக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கமுடியாமல் உட்கார்ந்திருந்தோம், பாக்கியம் மட்டும் சிரித்தாள்.

அவன் கை கழுவும்போதே ஒன்றைக் கவனித்திருந்தேன். அவன் இடது கை முழங்கைக்குக் கீழே சூம்பிப்போய் மடங்கியே இருந்தது. புண் வந்து, அங்கே இருந்தவரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தார்களாம்.

"அப்ப என் தலையில இடது பக்கம் இருந்த கை யாரோடது?"

"என் எடது பக்கத்துல ஒருத்தன் படுத்திருந்தான். எந்தத் தோட்டமோ, பேரு என்னவோ, வந்ததுலேருந்து பேச்சில்ல. அன்னைக்குக் காலையிலயே போயிட்டான், தூக்க ஆள் வரல, எங்கூடயே கெடந்தான்" என்றான்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, உங்களிடம் சொல்கிறேன். அந்த இடது கை பேன் பார்க்கவில்லை. நெற்றியிலிருந்து உச்சிவரை நேராக ஒரு வகிடு எடுத்தது, அது வளைந்துவிட்டது போலிருக்கிறது, கலைத்துவிட்டு மறுபடி எடுத்தது, பாட்டு முடிகிறவரை அதையேதான் செய்துகொண்டிருந்தது. அந்த வகிட்டுக்காரி எந்தத் தோட்டமோ. பொட்டு வைத்துக்கொண்டு எத்தனை வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ. போய்ச் சொல்லலாம் என்றால் அவன் பெயர் எனக்குத் தெரியாது.