சாலட் முடிஞ்சிருச்சி

என் கணவர் எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். அந்த வாரம் அவருடைய கப்பல் ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருந்தது. வடக்கே ஈரான், தெற்கே ஓமான், நடுவில் கழுத்துப் போல ஒடுங்கிய கடல். வளைகுடா எண்ணெயில் பெரும்பகுதி அந்தக் கழுத்து வழியாகத்தான் வர வேண்டும். அதனால் யாருக்குக் கோபம் வந்தாலும் முதலில் அங்கேதான் கை வைக்கிறார்கள். இதையெல்லாம் தேடிப் படித்திருக்க வேண்டாம். ஆனால் படிக்காமல் இருந்தால் மட்டும் தூங்கியிருப்பேனா? மகளுக்கு ஒரு வாய் சோறு, எனக்கு ஒரு செய்தி என்று நாட்கள் ஓடின.

ஒரு காலையில் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே ஒரே வரி.

"சாலட் முடிஞ்சிருச்சி. பயப்படாத."

ஒவ்வோர் அழைப்பிலும் காய்கறி சாப்பிடச் சொல்லி நச்சரிப்பவள் நான். காய்கறி தீர்ந்துவிட்டதென்றால் கப்பல் எங்கேயோ நிற்கிறது. நிற்கிறதென்றால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா தன் மீ கோரெங் நூடுல்ஸ் கடைக்காகக் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கப்பல்ல சாப்பாடு தீந்துபோச்சாம்!"

"வாய்ஸ்ல சொன்னாரா? போடு, கேப்போம்."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அடியே, சாலட் இல்ல, செலாட்! ஸ்கூல்ல மலாய் படிச்சியா இல்லையா? செலாட் மெலாக்கா, செலாட் ஹோர்முஸ்! ஒம் புருஷன் தாண்டி வந்துட்டாரு லா!"

எனக்கு அது நீரிணை. மலாய்க்காரர்களோடு வேலை செய்யும் அவருக்கு அது செலாட். இவ்வளவுதான் விஷயம். சிரிப்பு வந்தது, நிற்கவே இல்லை. அக்காவும் சிரித்தார். மகள் எதற்கென்று தெரியாமல் "சாலட், சாலட்" என்று கைதட்டினாள். ஜெலுத்தோங் ஃபிளாட்டின் நடைபாதையில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். கம்பிகளுக்கு அப்பால் எங்கள் தீவை ஒட்டிய செலாட்டும் அதில் போன கப்பலும் எதிர்க்கரைப் பெருநிலமும் சேர்ந்து சுற்றின.

மாலையில் அவரே அழைத்தார். எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். சாலட்டும் தீந்துதான் போச்சி. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன்."

எத்தனை நாளாகக் காய்கறி சாப்பிடவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். சிரிப்பில் அந்தக் கேள்வி வெளியே வரவில்லை.