ஆறு வீடும் தேடிய ஹேம்ஸ்டர்

பிள்ளைகளே, எங்கள் வீட்டு ஹேம்ஸ்டர் காணாமற்போன கதையை எழுதச் சொன்னவள் என் மகள். கூண்டின் கொக்கியை மாட்டாமல் விட்டது நான்தான் என்று ஆரம்பத்திலேயே எழுத வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. எழுதிவிட்டேன்.

ஹேம்ஸ்டர் என்பது பிஸ்கட் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிராணி. வால் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். இரத்தினபுரி டவுனில் மீனும் கிளியும் விற்கும் கடையில் வேலை செய்யும் அவள் மாமா, பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தது.

நாங்கள் இருப்பது கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் கங்காணி. கொழுந்து பறிப்பவர்களை ஆளுக்கொரு நிரையில் நிறுத்தி, சத்தம் போட்டு வேலை வாங்குவது என் தொழில். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள். சுவர்களின் அடியில் எலி போட்ட ஓட்டைகள் ஏராளம். ஆகவே ஒரு வீட்டில் தொலைந்தது ஆறு வீட்டிலும் தொலைந்த மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டு காலி. மகள் கத்திய சத்தத்தில் அடுத்த வீட்டுத் தங்கச்சி ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, நான் நேத்துதான் எலி மருந்து வெச்சேன்."

"எத்தன எடத்துல?"

"மூணு." கொஞ்சம் யோசித்தாள். "நாலாவும் இருக்கலாம்."

மூன்றைத் தேடி எடுத்தாள், எதிலும் பல் பட்ட அடையாளம் இல்லை. நான்காவதை எங்கே வைத்தாள், வைத்தாளா என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

உடனே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஆறு வீட்டாரையும் வாசலில் கூப்பிட்டு நிறுத்தி, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு மாதிரி ஆள் பிரித்தேன். எங்கள் லயத்தில் எலி என்ற பேச்சு வந்தாலே கை தானாக விளக்குமாற்றுக்குப் போகும். எல்லார் கையிலும் ஒன்று இருந்தது.

"யாரும் அடிக்கக் கூடாது. அது எலி இல்ல" என்றேன்.

"பின்ன என்னாங்க?" கடைசி வீட்டுப் பெரியவர் கேட்டார்.

"ஹேம்ஸ்டர்."

"எலி மாதிரி இருக்குமா?"

"கொஞ்சம் இருக்கும்."

"அப்ப ஓடுறப்ப நாங்க எப்புடி கண்டுபுடிக்கிறது? நின்னு பேரு சொல்லிட்டு ஓடுமா?"

முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் நிரை பிடித்துப் போனோம். தகரம் தட்டினோம், கட்டிலை இழுத்தோம். "அந்த மூலைய விட்றாத, கீழ பாரு" என்று மலையில் கத்துவதைப் போலவே கத்தினேன். இரண்டு நிஜ எலிகளும் ஒரு தவளையும் வெளியே ஓடின. பெரியவர் தவளைக்கு ஓங்கிய அடி என் காலில் விழுந்தது.

மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பகல்ல அது தூங்குற நேரம். சத்தம் கேட்டா பயந்து இன்னும் உள்ளுக்குப் போயிரும். எல்லாரையும் அனுப்பிருங்க."

"வேல முடியலையேம்மா."

"நீங்க கத்துற வரைக்கும் முடியாது."

அனுப்பிவிட்டேன். என் மனைவி கோதுமை மாவை எடுத்து, ஒவ்வொரு வீட்டு ஓட்டையின் முன்னாலும் மெல்லிசாகத் தூவினாள். கதவுகளைச் சாத்தி, லயத்துப் பூனையை வெளியே விட்டோம். பின்னேரம் போய்ப் பார்த்தால், தங்கச்சி வீட்டு விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் மாவின் மேல் பொடிப் பொடியாகக் கால் தடங்கள், எலிக்கு இருப்பதுபோல வால் இழுத்த கோடு இல்லாமல்.

அங்கே ஒரு வாளியை வைத்தோம். உள்ளே பழைய துணியும் வெள்ளரித் துண்டும் நிலக்கடலையும். வெளியே மகளின் பாடப் புத்தகங்களைப் படிபோல அடுக்கினோம். உள்ளே விழுந்தால் துணியில் அடிபடாது, வாளி வழுக்குவதால் ஏறியும் வர முடியாது.

இருட்டத் தொடங்கியது. மகள், தங்கச்சி, நான் மூவரும் சுவரோரம் உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. முக்கால் மணி நேரம் பேசாமல் இருந்ததில் எனக்குக் கழுத்தே வலித்தது.

விறகுக்குள் ஏதோ சரசரத்தது. முதலில் மீசை, பிறகு மூக்கு. கணக்குப் புத்தகத்தில் ஏறியது, சமயப் புத்தகத்தில் ஏறியது, விளிம்பில் நின்று வெள்ளரியை மோந்தது. தொப்.

நான் பாய எழுந்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, இரண்டு கையையும் கிண்ணம் போலக் குவித்து, அடியிலிருந்து மெதுவாகத் தூக்கினாள். அதன் கன்னம் இரண்டும் புடைத்திருந்தன.

"ஐயோ, தின்னிருச்சா?" என்றாள் தங்கச்சி.

"தின்னல. கன்னத்துல சேத்து வெச்சிருக்கு."

"என்னத்த?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. கூண்டில் விட்டு, பல்புக்குக் கீழே வைத்துக் காத்திருந்தோம். அது நிதானமாகக் கன்னத்தைத் தள்ளித் தள்ளி வெளியே எடுத்தது. ஒரு கடலை. அரிசி. இன்னொரு கடலை. பிறகு நீலமாக ஒன்று.

"ஓம் மருந்து என்னா கலரு?" என்றேன்.

"ரோஸுண்ணே."

நீலம், ஒரு சட்டைப் பொத்தான். அடுத்த கன்னத்திலிருந்து வந்தது முழுக்க அரிசி.

மகளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "அத்தை, அந்த மருந்துப் பெட்டியக் கொண்டாங்க" என்றாள். காலிப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

"இதுக்குள்ள மூணு கட்டிதான் இருந்திருக்கு, அத்தை."

"அப்ப நாலாவது?"

"வாங்கவே இல்ல."

அப்போதுதான் என் மகள் அழுதாள். தங்கச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நான் இருக்கலாம்னுதானே சொன்னேன்" என்றாள்.