கேட்டு வாங்கின தள்ளுபடி

எழுபத்திரண்டோ எழுபத்து மூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. நல்ல கோடை. நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவருக்கு ஆபீஸ் வேலை.

அவரோடு கடைக்குப் போவதென்றாலே எனக்கு உடம்பு கூசும். தவணை முறை அவருக்குப் பிடிக்காது. மாதாமாதம் சேர்த்து வைத்து, மொத்தமாகக் கொடுத்துத்தான் எதையும் வாங்குவார். அந்த உரிமையில், "ரொக்கமா குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்காமல் எந்தக் கடையை விட்டும் இறங்கியதில்லை. மருந்துக் கடையில்கூடக் கேட்பார். நான் வெளியே வந்து, அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வருஷம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்து ஆபரேஷன் ஆயிற்று. பயப்படும்படியான கட்டி இல்லை என்றார்கள். ஆனால் குரல் திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஆறு வாரம் கிசுகிசுவென்றுகூடப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

பார்க்க வந்தவர்களெல்லாம் அவரை எதிரில் வைத்துக்கொண்டு என்னிடம், "சார் சாப்பிடறாரா?" என்று கேட்டார்கள். நானும் அவர் எதை எழுதினாலும், "சரிங்க, சரிங்க" என்றேன். கொஞ்ச நாளில் அவர் எழுதுவதையும் விட்டுவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தார்.

வெக்கை தாங்கவில்லை, ஃபேன் வாங்கலாம் என்று சாக்குச் சொல்லி ஒருநாள் அவரைச் சிலேட்டும் கையுமாகத் தாம்பரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன். எங்களை நன்றாகத் தெரிந்த கடைதான்.

"நூத்தி எம்பது ரூபா டீச்சர்" என்ற கடைக்காரர், அவரைப் பார்த்து, "இன்னா சார், வந்ததுலேர்ந்து கம்முனு கீறீங்க?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் முகம் வாடிவிட்டது. "அடப்பாவமே! டீச்சர், நூத்தி நாப்பது குடுங்க, போதும்" என்றார்.

என் கணவர் சட்டென்று எழுந்தார். சிலேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். பிறகு உள்ளேயிருந்து கத்தினார்: "சார்! நூத்தி எம்பதுல ஒரு பைசா கொறைக்க மாட்டேன்! இஷ்டம் இருந்தா வாங்க!"

என் கணவர் திரும்பினார். விடுவிடுவென்று வந்து உட்கார்ந்து, '130' என்று எழுதிக் காட்டினார்.

"நூத்தி முப்பதா? ரெக்கைய மட்டும் கழட்டித் தரட்டா?"

'ரொக்கம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

"எல்லாரும் ரொக்கந்தான் சார் தர்றாங்க!"

அரை மணி நேரம் நடந்தது. எழுதி எழுதி அவர் கை ஓய்ந்தபோது, என்ன தோன்றியதோ, "போன வருஷம் பக்கத்து வீட்டுக்கு எவ்வளவுக்குக் கொடுத்தீங்க?" என்று நானே குரலை உயர்த்திக் கேட்டேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா டீச்சர், நீங்களுமா? ஒரே பேஜாராப் போச்சே!" என் கணவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கடைசியில் நூற்று அறுபத்திரண்டுக்குப் படிந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. "நூத்தி நாற்பதுக்கே தர்றேன்னாரே! இருபத்திரண்டு ரூபாய் கூடக் கொடுத்துட்டு வந்திருக்கோமே?" என்றேன்.

அவர் எழுதினார்: 'அது அவரா பாவம் பார்த்துக் குடுத்தது. இது நான் கேட்டு வாங்கினது.'

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அத்தனை நாளும் நானும் அவரிடம் பாவம்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்! அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று எழுதிக் காட்டினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று பதிலுக்குச் சண்டை போட்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இரண்டு மாதத்தில் குரல் கரகரவென்று திரும்பியது, பழைய குரலாக இல்லாவிட்டாலும். இன்றைக்கும் நோயில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போனால், நான் உச்சுக் கொட்டுவதில்லை. நன்றாக இருந்த நாளில் எதற்காக என்னோடு மல்லுக்கு நிற்பார்களோ, அந்தப் பேச்சைத்தான் முதலில் எடுக்கிறேன்.