மூன்று விசில்

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை விசில் கிடக்கிறது. வாய் வைக்கும் இடம் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோயிருக்கிறது. போன மாதம் எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் வந்து அதைக் கேட்டார்கள். சர்ச் கட்டி ஐம்பதாவது வருஷம் வருகிறது, கண்ணாடிப் பெட்டி செய்து அதில் விசிலை வைக்கப் போகிறோம் என்றார்கள். பெட்டிக்குள் வைக்க வேண்டிய அட்டையைக்கூட எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். "விபத்தின் மூலம் தேவன் தெரிந்துகொண்ட சகோதரியின் விசில்" என்று அதில் இருந்தது. சபைப் பேச்சில் 'தெரிந்துகொண்ட' என்றால் தேர்ந்தெடுத்த என்று அர்த்தம். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீடு தேடி வந்தவர்களிடம் கத்தக் கூடாதே என்று காப்பி போட்டுக் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

அந்தச் சகோதரியை நாங்கள் சிலோன் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சிலோனில் தேயிலைத் தோட்டங்களில் நாலு தலைமுறை உழைத்தவர்களை, நீ இந்த நாட்டு ஆள் இல்லை என்று சொல்லிக் கப்பல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு லாரியிலும் பஸ்ஸிலும் எங்கள் மலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கூடலூர் தாண்டிக் காட்டை வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த தோட்டம் ஒன்றில் நான் டிஸ்பென்சரி உதவியாளாக இருந்தேன். எனக்கு வயது பத்தொன்பது. என் அப்பா அங்கே மரம் வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து என் தாத்தா காலத்திலேயே மலையேறிய குடும்பம். வந்தவர்களை 'சிலோன்காரங்க' என்று சொல்லும்போது எங்கள் வாயில் ஒரு இளக்காரம் இருந்தது. நாங்கள் மட்டும் அங்கேயே முளைத்தவர்கள் மாதிரி.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று, அங்கே தோட்டத்துச் சர்ச்சில் கொடுத்த சின்னச் சிலுவை ஒன்று, இவ்வளவுதான் கொண்டுவந்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள், பாடுவாள், வருவாள். பழக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகு அவளே சொன்னாள். வந்த பத்தாம் நாள் அந்த விபத்து நடந்தது.

அவள் வேலை பார்த்த சிலோன் தோட்டத்தில் நீளமாக மூன்று விசில் கேட்டால் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். விசில் ஊதுகிற இடத்தில்தான் தராசு இருக்கும். பிந்திப் போனால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். அதனால் விசில் கேட்டதும் பெண்கள் கூடையோடு அந்தப் பக்கம் ஓடுவார்கள். சின்ன வயதிலிருந்து ஓடிப் பழகிய கால்கள். எங்கள் தோட்டத்தில் அதே மூன்று விசிலுக்கு மரம் சாயப் போகிறது, தப்பி ஓடு என்று அர்த்தம். இதை வந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் எழுதினார்கள், கம்பளி கொடுத்தார்கள், அம்மை ஊசிகூட நான்தான் போட்டேன். விசிலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு என் அப்பா சரிவின் உச்சியில் ஒரு பாறைமேல் நின்று மூன்று முறை ஊதினார். கீழே பள்ளத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண்கள் ஓடைப் பக்கம் விலகி ஓடினார்கள். சிலோனிலிருந்து வந்த ஆறு பேர் நாற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு விசிலை நோக்கி மேலே ஓடினார்கள். அப்பா கையை ஆட்டிக் கத்தினாராம். சீக்கிரம் வரச் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்களாம். எல்லாருக்கும் முன்னால் ஓடியவள் அக்கா. மரத்தின் பெரிய கிளை அவள் இடுப்பிலும் தொடையிலும் விழுந்தது. பின்னால் வந்த ஐந்து பேரும் சிராய்ப்போடு தப்பினார்கள். அவர்களுக்கு மருந்து போட்டது நான். ஐந்து பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். "நிறுக்கக் கூப்புடுறாங்கன்னு நெனச்சோம் புள்ள."

அக்காவைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றி, மலையைச் சுற்றி ஊட்டி தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. குழந்தையைப் தொழிலாளர் குடியிருப்பான லைனில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். விபத்துக்குக் காரணம் அவளுடைய சொந்தக் கவனக்குறைவு என்று காகிதம் முன்பே தயாராக இருந்தது. அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதிகாரி டிஸ்பென்சரிக்கு வந்து, "மத்தப் பொம்பளைங்க உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பின்னால் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். "தெரியாதுங்க" என்றேன். ஒரே ஒரு சொல். ஆறு பேர் ஒரே திசையில் ஓடியிருக்கிறார்கள், அது எப்படி ஒருத்தியின் கவனக்குறைவாகும்? நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அந்த அதிகாரிக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மூன்று பேரில் யார்மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று இன்றைக்குக் கேட்டால், என்மேல்தான் என்று சொல்வேன். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியதால் செக்ரோலிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். பேர் இல்லாதவர்களுக்கு லைன் வீடு கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குழந்தையோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மண்டபத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தவள் அடுத்து எங்கே போவாள் என்று யாரும் கேட்கவில்லை.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை நான் பஸ் ஏறிப்போய் அவளைப் பார்த்தேன். பாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் குற்ற உணர்ச்சிதான் என்னைப் பஸ் ஏற்றியது. காலில் கம்பி போட்டு, எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வார்டுக்கு ஜெபம் பண்ண வரும் அம்மாக்கள் சிலர் உண்டு. ஆண்டவர் உன்னை அடித்துத்தான் அணைக்கிறார், ஏதோ நோக்கம் இருக்கிறது, ஸ்தோத்திரம் சொல்லு என்று ஒருநாள் அவளிடம் சொன்னார்கள். அக்கா கஞ்சி டம்ளரை எடுத்து வீசினாள். அது கட்டில் கம்பியில் பட்டு உருண்டு போனது. அதற்குப் பிறகு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெபம் இல்லை, பாட்டு இல்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்த சிலுவையை என் கையில் கொடுத்து, "கொண்டு போய்ரு, எனக்கு வேணாம்" என்றாள். நாலு மாதம் அது என் பையில் இருந்தது.

நாலாம் மாதக் கடைசியில் ஒருநாள் போனபோது அவள் மேற்கூரையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"காய்ச்சல் இல்ல புள்ள. சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்."

"யார்கூடங்க அக்கா?"

"ஆண்டவர்கூடத்தான். நாலு மாசமா பேசாமக் கெடந்தேன். நேத்து காலையில திட்ட ஆரம்பிச்சேன். என்னை எதுக்குக் கடல் தாண்டிக் கொண்டாந்த, இந்த மரத்துக்குக் கீழ போடவான்னு கேட்டேன். வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். திட்டத் திட்டத்தான் தெரிஞ்சுச்சு, ஆள் இருக்காரு. ஆள் இல்லாத எடத்துல இப்புடி மணிக்கணக்கா சண்டை போட முடியுமா?"

அவளே தொடர்ந்தாள். "காலை ஒடிச்சது அவரு இல்ல. மரம். சொல்லாம விட்டது ஒங்க ஆளுங்க. அதை அவரு தலையில கட்டாதீங்க. அவரும் என்னோட இங்கதான் கெடக்காரு, அது எனக்குத் தெரியுது." பிறகு, "அடுத்த கப்பல்ல வர்றவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். சிலுவையைத் திருப்பிக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

மனம் திரும்பியவர்கள் சாந்தமாகிவிடுவார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அக்காவிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கோபத்தோடுதான் எழுந்தாள், கோபத்தோடுதான் நடை பழகினாள். வலது கால் மூன்று விரற்கடை குட்டையாகிவிட்டது. கக்கத்தில் கட்டை வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள். வீட்டைக் காலி செய்ய அவளுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார்கள். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் கட்டையை ஊன்றி நின்று, "அன்னைக்கு ஆறு பேர் ஓடுனோம். விசில் பக்கமா ஓடுனோம். எங்களுக்கு யாரும் சொல்லல. ஆண்டவர் என்னை எழுப்பி விட்டிருக்காரு, இதைச் சொல்லத்தான்" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். முன்வரிசையில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஏற்றத்தில் கட்டையோடு எப்படி ஏறினாளோ. அப்பா எழுந்து நின்றார்.

"அம்மிணி, நம்ம ஊட்டுக்கு வந்திருக்கீங்க, மொதல்ல உக்காருங்க. நான் பண்ணுனது தப்புத்தானுங்க. மன்னிச்சுப்போடுங்க" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"மன்னிக்கிறதைப் பத்திப் பொறகு பேசலாம் அண்ணே. அதுக்கு எனக்கு இன்னும் நாளாகும். இப்ப அந்த விசிலைக் குடுங்க. வெள்ளிக்கிழமை புது ஆளுங்க பஸ்ல வர்றாங்களாம்."

அப்பா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் விசில் ஊதியது நான்தான், அந்தக் காகிதம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து பெண்களும் பின்னாலேயே போய்க் கைநாட்டு வைத்தார்கள். அக்காவின் பேர் செக்ரோலில் திரும்ப ஏறியது. பிள்ளைக் காப்பகத்தில் வேலை கொடுத்தார்கள், வீடு தங்கியது. அப்பாவின் மேஸ்திரி வேலை போனது. ஆறு வருஷம் மண்வெட்டி பிடித்தார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அப்பாவே பேசிவிட்டாரே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அக்கா ஒரு முறை என்னைக் கூர்ந்து பார்த்து, "நீ இன்னும் சொல்லல புள்ள" என்றாள். ஆபீசில் என்னுடைய "தெரியாதுங்க" அப்படியே இருக்கும், எந்த ஃபைலில் மக்குகிறதோ.

வெள்ளிக்கிழமை பஸ் வந்தபோது அவள் தோட்டத்து வாசலில் நின்றாள். மூட்டைகளை இறக்கக்கூட விடவில்லை. மூன்று முறை ஊதினாள். இறங்கியவர்களில் பாதிப் பேர் அவளை நோக்கி வந்தார்கள். "விசில் வர்ற பக்கம் முதுகைக் காட்டு! அந்தப் பக்கம் ஓடு!" என்று கட்டையை நீட்டிக் கத்தினாள். கிழவர்கள், குழந்தைகள், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரையும் மூன்று தடவை ஓடவிட்டாள். பிறகுதான் ஒரு சின்ன ஜெபம். "ஆண்டவரே, இவங்களையாவது பார்த்துக்க" என்பாள். வேண்டுதலாக இருக்காது, ஏச்சாகத்தான் இருக்கும். கப்பல்கள் நிற்கும்வரை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இதைச் செய்தாள். மழை என்று ஒரு நாள் விட்டதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் மரத்துக்குக் கீழே ஒருவரும் சிக்கவில்லை. அவள் இறந்த பிறகு, திருப்பூரில் இருக்கும் அவள் மகள் விசிலை என்னிடம் கொடுத்தாள். "அம்மா உங்ககிட்டத்தான் தரச் சொன்னாங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

இப்போது அந்த அட்டையைப் பாருங்கள். விபத்தின் மூலம் தேவன் தெரிந்துகொண்டாராம். யாரோ சொல்ல மறந்த ஒரு வார்த்தையை, யாரோ போட்ட பொய்க் கையெழுத்தை, நான் சொன்ன பொய்யை எல்லாம் தூக்கி ஆண்டவர் கணக்கில் வைத்துவிட்டுக் கைகழுவப் பார்க்கிறார்கள். அக்கா இருந்தால் கஞ்சி டம்ளர் பறந்திருக்கும்.

போன திங்கட்கிழமை என் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களை வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே இப்போது வேலைக்கு இருப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். விசிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வலி உயிரை எடுத்தது. விசில் வைத்திருந்த பையனிடம், இவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அவங்களுக்கு நம்ம பாஷை தெரியாதுங்கம்மா" என்றான்.

"விசிலும் ஒரு பாஷைதான் தம்பி. மொதல்ல மரத்தை நிறுத்தச் சொல்லுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் ரம்பத்தை நிறுத்திவிட்டார்கள். பாறை ஒன்றும் இல்லை, பாதையிலேயே நின்று மூன்று முறை ஊதினேன். கொழுந்துச் சாக்கோடு ஒரு பெண், இருபது வயது இருக்கும், தலை நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வேகமாக வந்தாள்.

ஆண்டவரே, இன்னுமா என்று வாய்விட்டே திட்டினேன். அக்கா சொன்னது சரிதான், ஆள் இருக்கிறார். அந்தப் பெண்ணின் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, கையை நீட்டி, கீழே ஓடிய ஓடையைக் காட்டினேன். பிறகு விசிலை வாயில் வைத்து மறுபடியும் ஊதினேன்.