கதவுக்குப் போன கம்பி

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த ஒருவர் தன் வீட்டு மாடியில் ஹோம் தியேட்டர் கட்டினார். புரொஜெக்டர், விளக்கு, ஏசி, கதவு எல்லாம் ஒரே டேப்லெட்டில் இயங்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலையைச் செய்தவன் நான். அறை மூலையில் ஒரு கன்ட்ரோல் பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் கட்டளை கொண்டுபோக ஒரு சீரியல் கேபிள்.

ஒரு மதியம் அவர் மனைவிக்கு இயக்கிக் காட்டினேன். டேப்லெட்டைத் தொட்டதும் விளக்கு மங்கியது. மோட்டார் வைத்த கனத்த கதவு நகர்ந்து மூடிக்கொண்டது. அந்த அம்மா சிரித்தார். திறப்பதற்குத் தொட்டேன். கதவு அசையவில்லை.

பெட்டியை அணைத்துப் போட்டேன். கரண்ட் இருந்தும் அதற்கு உயிர் வரவில்லை. ஏசியும் நின்றது. உள்பக்கம் வைக்க வேண்டிய அவசர சுவிட்சை எலக்ட்ரீஷியன் இன்னும் மாட்டவில்லை.

"இன்னாபா, தொறக்க மாட்டேங்குதா?"

"ஒரு நிமிஷம்மா."

"எனக்கு வீசிங் இருக்குதுபா. இன்ஹேலர் கீழ இருக்குது."

கதவை ஓங்கி ஓங்கித் தட்டினேன். சத்தம் வெளியே போகக்கூடாதென்று சுவரெல்லாம் தடுப்பு அடித்தவனே நான்தான். போனில் சிக்னலும் இல்லை.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சில் விசில் போல ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது.

பெட்டியிலிருந்து கதவு மோட்டாரின் கேபிளைப் பிடுங்கி என் லேப்டாப்பில் செருகினேன். திறக்கும் கட்டளையை அடித்தேன். திரையில் புரியாத எழுத்துகள் ஓடின. மோட்டார் பதில் சொல்கிறது, ஆனால் லேப்டாப்பும் மோட்டாரும் தகவல் அனுப்பும் வேகம் ஒத்துப்போகவில்லை. சரியான வேகம் நினைவுக்கு வரவேயில்லை. ஒவ்வொன்றாக மாற்றினேன். அவசரத்தில் தப்புத் தப்பாக அடித்தேன்.

"தம்பி... முடியலபா..."

"இதோம்மா, இதோ."

அடுத்த முறை பதில் தெளிவாக வந்தது. கட்டளையைத் திரும்ப அடித்தேன். மோட்டார் முனகியது. கதவு நகர்ந்து, காற்று உள்ளே வந்தது. நான் கீழே ஓடி இன்ஹேலரை எடுத்து வந்தேன்.

சாயந்திரம் கணவர் வந்ததும் அந்த அம்மா அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "சினிமா இருக்கட்டும். கதவுக்கு கையால தொறக்கற தாழ்ப்பாள் போடச் சொல்லு."

மறுநாளே கதவு மோட்டாரைக் கழற்றினேன். கழற்றி முடிக்கும்வரை என் கருவிப்பையைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.