பதினான்கு வீடும் ஒரு கேசட்டும்

என் அண்ணன் சவரிநாதனுக்குப் படிப்பு ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. புந்தோங்கில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. ஆனால் அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் அவரைத் தேடி வந்துவிடுவார்கள். "கேசட்டு எப்ப சவரி?" என்பார்கள்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது நாங்கள் சிதறினோம். சிலர் புந்தோங், சிலர் குனோங் ராபாட், சிலர் ஆயர் தாவார் பக்கம். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்கவில்லை. அவர்கள் எழுபதாம் வருஷம் பினாங்கில் கப்பல் ஏறி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரே ஊருக்குப் போய்விட்டார்கள். இங்கே இருந்த பதினான்கு வீட்டுக்கு அங்கே சொந்தம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் குரலை அனுப்பினோம்.

முதலில் வீட்டுக்கு ஒரு கேசட் போனது. அங்கே ஊருக்கே ஒரு கேசட் பெட்டிதான், கப்பலில் போனவர்களில் ஒருவரான ஆம்புரோஸ் கொண்டுபோனது. பதினான்கு கேசட்டை அவர் எப்போது போட்டு முடிப்பார்? பாதி தபாலில் காணாமலும் போனது. "எல்லாரையும் ஒண்ணுக்குள்ள கட்டிருவோம்" என்றார் அண்ணன்.

இரண்டு கேசட் ரேடியோவை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு, மற்றதில் பிடிப்பார். இருமல், செருமல், "என்னத்த பேசுறது" என்று திணறும் இடம் வந்தால் பதிவை நிறுத்தும் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவார். அப்படிச் சுருக்கினால்தான் தொண்ணூறு நிமிஷத்துக்குள் பதினான்கு வீடும் அடங்கும். பிரதி எடுத்து முடித்த கேசட்டின் மேலேயே அடுத்த வீட்டைப் பதிவு செய்வார்.

குனோங் ராபாட் பத்துமலை அண்ணன் மைக்கைப் பிடித்ததும் முதலில் இந்த வெட்டைப் பற்றித்தான் கேட்பார். "டேய், போன வருஷம் என் பேச்ச வெட்டிட்டு எங்க வீட்டுச் சேவல அனுப்பிச்சிட்ட. ஊர்ல கேட்டு எழுதியிருக்கானுங்க லா."

"சேவல் தெளிவா பேசிச்சுண்ணே. நீங்கதான் முழுங்குனீங்க."

ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் அண்ணன் தன் குரலில் பெயரைச் சொல்வார். பிறகு அவர்கள் பேசுவார்கள். கடைசியில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்கள். கல்லறைத் திருநாள் பூசையில் வாசிப்பது போலப் பெயரை மட்டும் சொல்லி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பார். 'இறந்துபோனார்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பெயர் வந்து குரல் வராவிட்டால் ஆள் இல்லை என்று அங்கே தெரிந்துகொள்வார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் கடைசியாக ஆயர் தாவாருக்குப் போனோம். ஆம்புரோஸின் தாயார் பெரியநாயகம் அங்கே மகள் கத்தரின் வீட்டில் இருந்தார். மகனைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மைக்கை நீட்டியதும் அவருக்குப் பேச்சு வரவில்லை. மூன்று நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், கொண்டு போ" என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கேசட்டில் இடம் இல்லை. பேசாத மூன்று நிமிஷத்துக்கு எதற்கு டேப்பு என்று அண்ணன் அதை விட்டுவிட்டார். "பேரயாவது வைப்போம், ஆம்புரோஸ் சந்தோஷப்படுவான்" என்று பெயரை மட்டும் பிடித்தார். அதன் பின்னாலேயே இறந்தவர்கள் பெயர்கள் வந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரியில் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். கிறிஸ்துமஸ் அன்று ஊரே ஆம்புரோஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. 'அம்மா பெயரைக் கேட்டோம். கோவிலில் பூசை வைத்துவிட்டோம். எந்தத் தேதி, எங்கே அடக்கம் என்று எழுதவும்.'

அண்ணன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எல்ஸி, நான் ஒரு ஆளையே வெட்டிட்டேனே" என்றார்.

உடனே தபால் நிலையத்துக்கு ஓடி, அம்மா உயிரோடு இருக்கிறார் என்று தந்தி அடித்தார். பதில் கடிதம் வந்தது. 'என் மனசைத் தேற்றுவதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். அம்மா இருந்தால் குரலை அனுப்புங்கள். இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.'

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். ரேடியோ என் மடியில். வழியெல்லாம் நான் தேவமாதாவை வேண்டிக்கொண்டே போனேன். அன்றும் பெரியநாயகம் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது?

ஆயர் தாவாரில் அண்ணன் பதிவு பட்டனை அமுக்கிவிட்டு, நடந்ததைச் சொன்னார். "பெரியம்மா, தப்பு என்னோடது. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு ஆம்புரோஸ் பூசை வச்சிட்டான்."

பெரியநாயகம் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"எனக்கா?"

"ஆமா பெரியம்மா."

"உசுரோட இருக்கிறவளுக்குப் பூசையா?" என்று எழுந்தே விட்டார். "பாவிப் பயலே! ஒரு கடுதாசி போட்டுக் கேக்கத் துப்பில்லையா ஒனக்கு? எட்டு மணிக்கு ரெண்டு தட்டு சோறு தின்னேன்டா நானு! இந்தச் சவரிப் பய பெட்டியில சொன்னா, ஆத்தா செத்துட்டான்னு நம்பிருவியா?"

அண்ணன் தலைகுனிந்துகொண்டு மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தரின் சமையலறையில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியநாயகம் திட்டி ஓய்ந்து உட்கார்ந்தார். பிறகு குரல் தணிந்தது. "அங்க பனி அடிக்குமே, தலைக்குத் துண்டு கட்டிக்கிறியா? நெஞ்சுச் சளி ஒனக்கு ஆகாதுடா." அதற்கு மேல் அழுகை. அழுகைக்குப் பிறகு வெறும் மூச்சு. பக்கத்து வீட்டில் யாரோ கோழியை விரட்டினார்கள். டேப் ஒரு பக்கம் தீர்ந்து, பட்டன் தானாக எழும்பும்வரை அண்ணன் எதையும் தொடவில்லை.

அதை வேறு கேசட்டில் பிடிக்கவும் இல்லை. அந்தக் கேசட்டையே மறுநாள் அனுப்பிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து பதினான்கு வீட்டுக்கு மூன்று கேசட் ஆனது. பத்துமலை அண்ணனின் சேவல் முழுதாகக் கூவியது.

ஈஸ்டருக்குப் பிறகு ஆம்புரோஸின் பதில் கேசட் வந்தது. ஆயர் தாவாருக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். "அம்மா, நீங்க திட்டுனத ஊரே கேட்டுச்சு. மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டாங்க. துண்டு கட்டிக்கிறேம்மா." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். "சாமியார்கிட்ட போய்க் கேட்டேன். உயிரோட இருக்கிறவங்களுக்கும் பூசை பலிக்குமாம். வீணாப் போகலையாம்."

பெரியநாயகம் காதை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியா? அப்ப வருஷா வருஷம் வைக்கச் சொல்லு சவரி" என்றார். "இப்ப அத மறுபடி மொதல்லேர்ந்து போடு."