சொக்ஸ் போட்ட போத்தல்

ஆசிரியை நியமனம் கிடைத்து முதல் சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் அம்மாவை நுவரெலியாவில் ஒரு பெரிய ரெஸ்டோரண்டுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

வெளியிலிருந்து குடிபானம் கொண்டுவரக்கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உட்கார்ந்ததும் பையிலிருந்து தேத்தண்ணிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குக் கொண்டுபோகும் அதே போத்தல். சூடு ஆறாமலிருக்க நான் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்ட பழைய சொக்ஸை அதற்கு மாட்டியிருந்தார்.

"தொண்டை கட்டியிருக்குன்னியே பாப்பா, இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்."

அதற்குள் வெயிட்டர் வந்துவிட்டார். "மிஸ், இது உங்களோடதா?"

"இல்லங்க, யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க."

அவர் எடுத்துக்கொண்டு போனார். அம்மா போத்தல் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொல்லும் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறவள் நான். எழுந்து, எல்லோரும் பார்க்க, சமையலறை வாசலுக்குப் போனேன்.

"அண்ணே, அது எங்களோடதுதான். பொய் சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார். "தெரியும் மிஸ். எங்கம்மாவும் சொக்ஸ் போட்டுத்தான் கொண்டுபோவாங்க. வாசல்ல இருக்கிற அந்த போர்ட், பியர் கொண்டு வர்றவங்களுக்கு. போய் உட்காருங்க, சுட வச்சுக் கொண்டாறேன்."

வெள்ளைக் கேத்தலில் அது மேசைக்கு வந்தது. "தம்பி, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று அம்மா அவருக்கும் ஊற்றினார்.

இப்போது நானும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போத்தல் கொண்டுபோகிறேன், சொக்ஸோடுதான். யாருடையது என்று யாராவது கேட்டால், கேட்டு முடிக்குமுன்பே சொல்லிவிடுகிறேன்: "என்னோடது. எங்கம்மா போட்டது."